அடங்கலில் பெயர் இல்லாதவர்கள்

2003, பொங்கல் கழிந்த வாரம். ஏரிக்கரையோரம் என் ஆபீஸ் இருந்த வாடகை அறை வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க கணவன், மனைவி. முகம் நம்மூர் முகம். நடை மட்டும் வேற்றூர். டர்பனிலிருந்து வருகிறோம் என்றார் அவர் ஆங்கிலத்தில். அந்த அம்மாள் கைகூப்பி, "வணக்கம் மாமா" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பெரியவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று அவருடைய பாட்டி சொல்லிக்கொடுத்த ஒன்றிரண்டு வார்த்தைகளை அப்படியே பத்திரமாக வைத்திருந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் செலவழித்தார்.

கணவர் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் ஒரு பக்கம். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கப்பலேறும்போது வயது 22. ஜில்லா செங்கல்பட்டு. தாலுகா இருந்த இடத்தில் மை பரவியிருந்தது. ஊர் வல்லம். இடது கன்னத்தில் தழும்பு.

வல்லம் என்று ஒன்று செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பல்லவர் குடைவரைக் கோயில் உள்ள ஊர். காலையில் அங்கே போய் விசாரித்துவிட்டு, இன்னொரு வல்லம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருப்பதாக யாரோ சொல்ல, இங்கே வந்திருக்கிறார்கள். அந்த மாதம் இந்த வல்லம் எனக்குக் கூடுதல் பொறுப்பு. 'அ' பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். எடுத்த பிறகுதான் அதைத் திறப்பதில் அர்த்தமில்லை என்று உறைத்தது. கதவோரம் நின்றிருந்த தலையாரி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சேரி ஆளு பேரு அ ரிஜிஸ்தர்ல எங்கேந்து சார் வரும்?"

அந்தப் பதிவேட்டில் சர்வே எண் இருக்கும், நஞ்சையா புஞ்சையா என்று இருக்கும், பரப்பு, தீர்வை, பட்டாதார் பெயர் எல்லாம் இருக்கும். அடங்கலில் பசலிவாரியாக எந்த வயலில் என்ன பயிர் என்று இருக்கும். நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், ஏரி உடைந்தால் மண் சுமந்தவர்கள் ஒருவர் பெயரும் இருக்காது. அந்த மனிதரின் கொள்ளுத்தாத்தாவை இந்த ஜில்லாவில் முதன்முதலாக எழுத்தில் பதிந்தது அவரை வெளியே அனுப்பிய பட்டியலாகத்தான் இருக்கவேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், டீ வாங்கிவரச் சொன்னேன்.

எனக்கு இது புதிதில்லை. என் கொள்ளுத்தாத்தா பெயரும் எந்தக் கணக்கிலும் கிடையாது. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்திருக்காவிட்டால், படி நெல் கூலிக்குக் கட்டுப்பட்டு உழைத்த படியாள் வீட்டுப் பேரன் கையில் அந்தக் கணக்குப் புத்தகமே வந்திருக்காது. தேர்வெழுதி 1984-ல் வேலைக்குச் சேர்ந்த அன்று, பழைய கர்ணம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக ஏடுகளை எண்ணி வாங்கினேன். எங்கள் தெரு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். ஒரே சர்வே எண். அதற்கு நேரே ஒரே சொல்: 'நத்தம்'.

செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து சனங்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால் எல்லோரும் மழையைச் சொல்வார்கள். இது ஏரி ஜில்லா. மழை தவறினால் ஏரி இல்லை, ஏரி இல்லாவிட்டால் சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்றும் இல்லை. சரிதான். ஆனால் மழை எல்லோர் தலையிலும்தான் தவறியது. மிராசுதார் வீடு அங்கேயே இருந்தது, குடியானவர்களில் பாதிப் பேர் கடன்பட்டாவது நின்றார்கள், சேரி காலியாயிற்று. முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, யார் போவது, எவ்வளவு தூரம் போவது, யாரைப் பிணையாக விட்டுவிட்டுப் போவது என்பதை நிர்ணயித்தது மனைக்கட்டுதான். குடிசை போட்ட மண் யாருடையது என்ற கேள்விதான்.

தொண்டைமண்டலத்தில் இதற்குக் காணியாட்சி என்று பெயர். வெள்ளைக்காரர்கள் மிராசு என்றார்கள். இதைப் பற்றி 1816-ல் உட்கார்ந்து விலாவாரியாக எழுதியவர் எல்லீஸ், திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லீஸ். காணியாட்சிக்காரனுக்கு வயலில் பங்கு உண்டு. தரிசில், மேய்ச்சலில், நத்தத்தில்கூட உரிமை உண்டு. சேரி இருந்த மண்ணும் அந்த உரிமைக்குள் அடங்கியது. 1843-ல் அடிமை முறையைச் சட்டப்படி எடுத்துவிட்டார்கள். அதனால் படியாளை இனி விற்க முடியாது. ஆனால் கல்யாணத்துக்குப் பத்து ரூபாய் கடன் கொடுத்துக் கட்டிவைக்கலாம். கடனுக்கு மசியவில்லையா, "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று சொல்லலாம். என் ஆயா, அதாவது பாட்டி, இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்: "குடுச போட்ட எடம் அவுங்களுது. எழுந்திருன்னா எழுந்திருக்கணும்."

ஆயா 1981-ல் இறந்தாள். அவள் சொன்ன தாது வருஷப் பஞ்சக் கதை அவள் மாமியாரிடமிருந்து வந்தது. மாமியாருக்குத் தாது வருஷத்தில் எட்டு வயது. 1876 ஐப்பசி மழை பொய்த்தது. எங்கள் வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவருக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், கல்யாணமானவர், கல்யாணக் கடனுக்குப் படியாளாக இருந்தவர். நடுவர் பதினெட்டு. கடைசி, என் கொள்ளுத்தாத்தா, பத்து. தகப்பன் அந்த மார்கழியிலேயே போய்ச் சேர்ந்தார். தை பிறந்ததும் தாய், நடுவரையும் கடைசியையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பினாள். மூத்தவர் வரவில்லை. ஏன் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "எல்லாரும் போய்ட்டா குடுச போயிடும்ல" என்றாள் ஆயா. பசியில் ஊரே காலியாகிற நேரத்தில், திரும்பிவர ஓர் அடி மண் வேண்டுமென்று ஒருவரை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூத்தவருக்கு அந்த வருஷம் மிராசுதார் வீட்டில் என்ன படியளந்தார்கள் என்று கதையில் இல்லை. உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஒரகடத்திலிருந்து பட்டணம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இன்றைக்குக் கம்பெனி பஸ் ஒன்றரை மணி நேரத்தில் போகிறது. அவர்களுக்கு நான்கு நாள் ஆயிற்றாம். வழியில் படப்பையில் ஒரு நாள், மணிமங்கலத்தில் ஒரு நாள், ஏரி உள்வாயில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றிருக்கிறார்கள். பஞ்சத்தில் பட்டணத்தை நோக்கி நடப்பது அன்று புதிதாகத் தொடங்கிய வழக்கமில்லை. 1780-ல் ஹைதர் அலி படை வந்து, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லியின் படையை நொறுக்கிய பிறகு, செங்கல்பட்டுச் சீமை எரிந்தது. சனம் பட்டணத்துக்கு ஓடிற்று. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்து ஆஸ்பத்திரிதான் வளர்ந்து இன்றைக்கு ஸ்டான்லி. வடசென்னையில் வயதானவர்கள் இப்போதும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். நூறு வருஷம் கழித்து எங்கள் ஆட்களும் அந்தப் பக்கத்துக்குத்தான் போனார்கள்.

அரசாங்கம் வேலை கொடுத்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து எட்டு கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டும் வேலை, 1877–78-ல், பஞ்ச நிவாரணம் என்ற கணக்கில். கவர்னர் பக்கிங்காம் பிரபு பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணச் செலவு கூடுதல் என்று கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் மண் வெட்டுகிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், மேல்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார கமிஷனர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் அளவு என்று எழுதிச் சண்டை போட்டார். சில மாதம் கழித்துக் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. அந்த இரண்டு வருஷத்தில் தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் ஒன்று: தாய், பட்டணத்தில் ஏதோ ஒரு கொட்டகையில், வாந்திபேதியில்.

பத்து வயதுப் பையன் ஊர் திரும்பினான். மூத்தவர் காத்துவைத்த குடிசைக்கு. நடுவர் திரும்பவில்லை. "மோரீசுக்குப் போயிட்டாரு" என்பாள் ஆயா. ஆயாவுக்குக் கடலுக்கு அப்பால் உள்ள எல்லாமே மோரீசுதான். நெட்டாலோ, மொரீஷியஸோ, ரங்கூனோ, தெரியாது.

டர்பன்காரர் கதையைக் கேட்டபோது என் மனசு எங்கே ஓடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சினிமாவாக இருந்தால் தழும்பை வைத்து இடைவேளைக்குள் சேர்த்துவிடுவார்கள். நானும் வெட்கமில்லாமல் தகப்பன் பெயரைப் பார்த்தேன். வேறு பெயர். வயதும் ஒத்துவரவில்லை.

அந்தக் கப்பல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நெட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்துதான் கிளம்பியது. 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை போனவர்கள் மொத்தம் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் ஆள் அதிகம் கொடுத்த ஜில்லாக்கள். பிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்து போன கப்பல்களிலும் வட ஆர்க்காட்டுக்காரர்கள் நிறைய. ஐந்து வருஷ ஒப்பந்தம். நெட்டாலில் முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பத்து ஷில்லிங் என்றால் 1860-ல் ஐந்து ரூபாய். கல்யாணக் கடனை இரண்டு மாதச் சம்பளத்தில் அடைக்கலாம் என்று ஆள்பிடிப்பவன் சொன்னால் எந்தப் படியாள் காது கொடுக்கமாட்டான்? கரும்புத் தோட்டத்தில் என்ன காத்திருக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. பத்து வருஷம் இருந்தால் திரும்பக் கப்பல் சத்தம் இலவசம் என்றார்கள். 1895-ல் சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்குகிறவர்களுக்குத் தலைக்கு மூன்று பவுன் வருஷ வரி என்றார்கள். 1914 வரை அது நீங்கவில்லை. காந்தியின் கடைசிப் பெரிய போராட்டம் அங்கே அதற்காகவும்தான்.

ஏமாற்றித்தான் கூட்டிப்போனார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு; அது நிறைய நடந்தது. ஆனால் ஏமாந்துதான் போனார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மூளை இல்லை என்றாகிவிடும். கப்பல் என்று ஒன்று துறைமுகத்தில் நிற்பது ஊரில் படியாளின் பேச்சை மாற்றியது. "போயிடுவேன்" என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது. ஆள் போகிறது, ஆள் கிடைக்கவில்லை என்று மிராசுதார்கள் மனுமேல் மனு போட்டிருக்கிறார்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் அவர்கள் படியாளைப் பற்றி மேலே எழுதிக் கவலைப்பட்டதாக நான் படித்ததில்லை.

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி. வருவாய்த்துறையில் இருந்த எனக்குக் கலெக்டர் அறிக்கைகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. இது வேறு மாதிரி. தரிசு நிலத்துக்குச் சேரிக்காரன் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கு முந்திய உரிமை என்று தட்டிவிடுகிறார்கள். குடியிருக்கும் மனையைக் காட்டி மிரட்டியே ஆளை அடக்குகிறார்கள். இவர்களுக்கு நிலம் கொடுங்கள் என்று எழுதினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்டு 1010-ம் எண் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதிலிருந்துதான். மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான் என்று நிபந்தனை. அதே காலத்தில், ஒரகடத்திலிருந்து தெற்கே போகும் சாலை ரயிலடியைத் தொடுகிற சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில், ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனரி நிலம் வாங்கி ஒரு குடியேற்றமே அமைத்தார். மெல்ரோசாபுரம் என்று இன்றும் அந்த ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ், செங்கல்பட்டு மண்ணில் புரமாகிவிட்டது.

நான் வேலை பார்த்த நான்கு கிராமங்களில் மூன்றில் அப்படிப்பட்ட நிபந்தனைப் பட்டா நிலம் கணக்கில் இருந்தது. அனுபவத்தில் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வேறு பெயர்தான் பதில். அப்படிப்பட்ட நிலத்தை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். காரணை நிலப் போராட்டம் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அரசாணைக்கு அப்போது 102 வயது.

போனவர்கள் திரும்பியதும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. 1930-ல் உலகமெங்கும் மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, மலாயாவிலிருந்து மூன்று வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வேண்டும்போது கங்காணி வந்து அழைத்தான், வேண்டாதபோது அரசாங்கமே டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. அப்படித் திரும்பியவர்களில் ஆயாவின் பெரிய அண்ணன் ஒருவர். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. ஊரில் நெல் விலை பாதியாகிக் கிடந்தது, படியளக்கிறவனே முனகிக்கொண்டிருந்தான். அவருக்குத் தம்பி வீட்டுத் திண்ணையில் இடம். தனியாகக் குடிசை போட மிராசுதாரைக் கேட்டதற்கு, "கப்பலேறிப் போனவனுக்கு இங்க ஏது மனை?" என்றாராம். அந்தப் பெட்டி கடைசிவரை திண்ணையில்தான் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்தபோது அதில் ஆயா உளுந்து போட்டு வைத்திருந்தாள்.

லேபர் டிபார்ட்மெண்ட் என்று ஒன்றை 1920 வாக்கில் ஏற்படுத்தி, அரசாங்கம் அங்கங்கே சேரிக்கு மனை வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊருக்கு அது வரவில்லை.

என் நைனா பட்டணம் போனவர். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் பெரம்பூர் பின்னி மில்லில் சேர்ந்தார். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஊரிலிருந்து தாம்பரம் வருவதுதான் பாடு. புளியந்தோப்பில் ஐந்து பேராக ஒரு குடிசையில் இருந்தார், அதுவும் புறம்போக்கு. சம்பளம் வாங்கின சனிக்கிழமை ஊருக்கு வருவார். முப்பது வருஷம் அப்படி. எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன். "இங்க எடம் போயிடும்டா" என்றார். 1877-ல் மூத்தவர் ஊரிலேயே தங்கிய அதே காரணம். தாது வருஷத்துக்குப் பிறகு மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஓர் ஆம்பளை வெளியே, ஒரு பொம்பளை இங்கே குடிசைக்குக் காவல். எல்லோரும் ஒரே கூரையில் இருந்த வருஷங்களை எண்ணிவிடலாம்.

1971-ல் குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி எந்த மண்ணில் குடிசை போட்டிருக்கிறானோ அந்த மண் அவனுக்கே. சட்டம் காகிதத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வர ஏழு வருஷம் ஆனது. 1978-ல் ஆயா பெயருக்கு இரண்டரை சென்ட்டுக்குப் பட்டா. கைநாட்டு வைக்கக் கூட்டிப்போனது நான்தான். ஆபீசிலிருந்து திரும்பும் வழியில், "இனிமே எல்லாரும் போலாம்" என்றாள். இனிமேல் இருக்கலாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று புரிய எனக்கு நாளானது. பயமில்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப அன்றுதான் எங்களுக்கு முடிந்தது.

சட்டம் வந்த அதே 1971-ல்தான் சிப்காட்டும் பிறந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து அது எங்கள் பக்கம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-ல் வெளியே வந்தது. அப்புறம் கண்ணாடி, செல்போன், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டைம்லர் லாரி. நிலம் எடுக்க 1997-ல் போட்ட தனிச் சட்டம் இருந்தது. 'அ' பதிவேடு மறுபடி மேசைக்கு வந்தது. பட்டாதாருக்கு இழப்பீடு. பட்டாவில் இல்லாதவனுக்கு, அந்த வயலில் நாற்பது வருஷம் நாற்று நட்டவளுக்கு, ஒன்றும் இல்லை. நான்தான் அந்த நோட்டீசுகளைச் சார்வு செய்தேன், அடங்கலில் 'பயிர் இல்லை' என்று எழுதினேன். அதே வருஷங்களில்தான் 'மனை' என்ற சொல் ஊரெல்லாம் வண்ணக்கொடி கட்டிக்கொண்டு நின்றது: மனைப்பிரிவு, மனை விற்பனைக்கு, ஏர்போர்ட் சாலை அருகே மனை. ஆயா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் தப்பிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆயாவின் இரண்டரை சென்ட்டில் இன்று மாடி வீடு இருக்கிறது. நான் ரிட்டையர் ஆன 2014-ல் என் மகன் கடன் வாங்கி மேலே மூன்று அறை போட்டான். எல்லாம் வாடகைக்கு, அறைக்கு நாலு பேர், தலைக்குக் கணக்கு. இருப்பவர்கள் ஒடிசாவின் கஞ்சம் ஜில்லாப் பையன்கள். அந்தக் கஞ்சம் 1936 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 1866 பஞ்சத்தில் அடிபட்ட சீமை, கோபால்பூரிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறிய சனம். அந்தப் பையன்களுக்கு இது தெரியாது. கான்ட்ராக்டரிடம் வேலை, எட்டு மாதம் இங்கே, நெல் அறுக்க ஊருக்கு. "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று அரைகுறை இந்தியில் கேட்டால், பெஞ்சாதி, அம்மா, நிலம் பார்த்துக்கொள்ள அண்ணன் என்பார்கள். எனக்குக் கேட்ட கதைதான்.

கம்பெனி வேலைக்கு வரும் நம் ஜில்லாப் பெண்களுக்கும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பெண்களுக்கும் வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் ஒரு விடுதி திறந்தார்கள்: 18,720 படுக்கை, 706 கோடி ரூபாய். சுத்தமாக இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கிறது என்று அங்கே இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண் சொல்கிறாள், நல்ல விஷயம்தான். ஆனாலும் கணக்குப்பிள்ளைப் புத்தி போகாது. வேலை இருக்கும்வரை படுக்கை. மனையை அளக்கும் அலகு காணி, சென்ட், சதுர அடி என்று வந்து இப்போது படுக்கையில் நிற்கிறது. அந்தப் பழைய வல்லத்திலிருந்து 22 வயசில் ஒருவர் கிளம்பினார் என்று வைத்துக்கொண்டால், இப்போது அதே வயசில் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள்.

2020 மே மாதம், ஊரடங்கில், சிறப்பு ரயிலுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். என் மாடியில் பதினொரு பேர். வேலையும் இல்லை, சம்பளமும் நின்றுவிட்டது. பெயர், தகப்பன் பெயர், ஊர், காவல் நிலையம், ஜில்லா, இறங்கும் ஸ்டேஷன் எல்லாம் வேண்டும். ஆளைக் கொண்டுவந்து விட்டவர் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது: 'ஒடிசா - 11'. அட்வான்ஸ் தொகை மட்டும் பைசா பிசகாமல் எழுதியிருந்தது. முப்பது வருஷம் ஊர்க் கணக்கு எழுதியவன் வீட்டில், ஆறு வருஷமாக வாடகை வாங்கியவன் கையில், ஆட்களுக்கு வைத்திருந்த கணக்கு அவ்வளவுதான். டர்பன்காரர் காட்டிய தாள் நினைவுக்கு வந்தது. தோட்டத்துரைக்கு ஆள் அனுப்பிய குமாஸ்தா, ஓடிப்போனால் பிடிப்பதற்காகத்தான் எழுதினான். ஆனாலும் தகப்பன் பெயர் எழுதினான், ஊர் எழுதினான், கன்னத்துத் தழும்பு எழுதினான். 'செங்கல்பட்டு - 11' என்று விட்டிருந்தால் அந்தத் தம்பதி எந்த வல்லத்தையும் தேடி வந்திருக்க முடியாது.

அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். நூறு பக்கம், நீள நோட்டு, நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தபால், பிளாக், ஜில்லா, வந்த தேதி, போன தேதி. அந்தப் பதினொரு பேரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன். கஞ்சம் ஜில்லாவிலும் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கிறது, பிளாக் எழுதாவிட்டால் தெரியாது. அதிலிருந்து யார் வந்தாலும் சாவி கொடுப்பதற்கு முன்னால் நோட்டு. மகன் சிரிக்கிறான், "நைனா இன்னும் அடங்கல் எழுதுறாரு" என்று.

இந்த மாதம் வரை நோட்டில் 63 பெயர். முப்பத்தெட்டாவது பெயருக்கு நேரே ஊர் காலி. இரவு ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில், காலையில் சொல்கிறேன் என்றான். காலையில் அறைக்கே திரும்பவில்லை, அட்வான்ஸ் ஆயிரம் ரூபாயும் என்னிடம்தான் இருக்கிறது.